சுவிஸ் டூருக்கு முன்பணம் கட்டும் முன்

மே மாத வெயிலுக்குத் தப்பி சுவிட்சர்லாந்து போய் வருவது மும்பையின் செம்பூர், மாட்டுங்கா ஓய்வூதியர்களுக்கு இன்று எட்டாத ஆசை இல்லை. தாராவியில் தோல் பை தைத்து விற்கும் குடும்பங்களுக்கும் அந்த ஆசை உண்டு. சிக்கல் மலையில் இல்லை. "விசாவுக்கு நாங்க கேரண்டி" என்று சொல்கிற டிராவல்ஸ்காரரிடம் இருக்கிறது.

கேரண்டி கொடுக்க அவரால் முடியாது. மனுவை வாங்கி அனுப்பும் விசா மையத்தாலும் முடியாது. முடிவு சுவிஸ் தூதரக அதிகாரியுடையது. பெரியவர்களுக்கான 90 யூரோ கட்டணம் விசா மறுக்கப்பட்டாலும் திரும்பி வராது. முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில மனுக்களுக்கு 45 நாள்வரை ஆகும். பயணத்துக்கு 6 மாதம் முன்பே மனு போடலாம் என்பதால், கடைசி வாரத்தில் ஓடி ஏமாறத் தேவையில்லை.

தாராவிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சம்பாத்தியம் இருக்கும், காகிதம் இருக்காது, எல்லாம் ரொக்கம். "அக்கவுண்ட்ல அஞ்சு லட்சம் போட்டுக் காட்டிட்டு எடுத்துடலாம் அண்ணே" என்பார் ஏஜென்ட். திடீரென்று வந்த பணம் ஸ்டேட்மெண்டில் பளிச்சென்று தெரியும். போலிக் காகிதம் பிடிபட்டு விசா மறுக்கப்பட்டால் அந்த மறுப்பு, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ஷெங்கன் நாடுகள் அனைத்தும் பார்க்கும் கணினிப் பதிவில் 5 ஆண்டுவரை நிற்கும். அதைவிட, ஒழுங்காக வருமான வரிக் கணக்குக் காட்டிவிட்டு அடுத்த வருஷம் போகலாம். ஆல்ப்ஸ் எங்கும் ஓடிவிடாது.

30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஏற்கெனவே உள்ள இருதய நோய், சர்க்கரை அதில் அடங்குமா என்று கேளுங்கள். ஆல்ப்ஸ் மலையிலுள்ள யூங்ஃபிராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே மூச்சு வாங்கும்.

விசா மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 30 நாளுக்குள் சுவிஸ் குடியேற்றத் துறைக்கு ஆட்சேபம் அனுப்பலாம். அதற்கு 200 பிராங்க் முன்கட்டணம். குறை காகிதத்தில் என்றால், அதைச் சரிசெய்து புதிதாக மனு போடுவதே பெரும்பாலும் மலிவு.

பேக்கேஜ் பணத்தோடு 'டிசிஎஸ்' என்று ஒரு தொகை பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் சேரும் வரி. கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்பும் என்பதை முன்பணத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள். அந்தப் பணத்தைத் தராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அல்லது 2 ஆண்டுக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை. ஆன்லைனில் மோசடி என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

பாக்கிப் பணத்துக்காகப் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த ஏஜென்டுக்கும் உரிமை இல்லை. 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து. உங்களுடையது யார் மேசை டிராயரிலாவது கிடந்தால், இன்றே போய்க் கேட்டு வாங்குங்கள்.