வலியின்றி மறையும் பார்வை

நோய் என்றாலே வலியை எதிர்பார்ப்பது நம் இயல்பு. வலி இல்லையேல், நாளை பார்த்துக்கொள்ளலாம் என ஒத்திவைப்பது நம் வழக்கம். இவ்வழக்கம் நம்மைப் பெரிதும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. விழித்திரையின் இரத்தக் குழாய்களில் நேரும் அடைப்பே அது.

விழித்திரைக்கு இரத்தத்தைக் கொண்டுவருவது தமனி. திரும்ப எடுத்துச் செல்வது சிரை. இரண்டில் எது அடைபட்டாலும் பார்வை குன்றும்; எனினும் அவற்றின் போக்கு வெவ்வேறு.

இதயத்திலிருந்தோ கழுத்துத் தமனியிலிருந்தோ புறப்பட்ட கட்டி விழித்திரைத் தமனியை அடைத்தால், ஒரு கண் திடீரென இருண்டுவிடும். சில மணி நேரத்தில் விழித்திரை மீளாச் சேதம் அடையும். இது கண்ணில் நேர்ந்த பக்கவாதம். மூளையில் பக்கவாதம் பின்தொடரவும் கூடும். சில நிமிடங்கள் இருண்டு தானே தெளிந்தாலும் அஃது எச்சரிக்கையே. இழந்த பார்வையை உறுதியாக மீட்கும் மருத்துவம் இதற்கு இன்னும் நிறுவப்படவில்லை. ஆயினும் உடனே செல்வோர்க்கே, கட்டியைக் கரைக்கும் மருந்து பொருந்துமா என மருத்துவர் ஆராய வாய்ப்புண்டு.

சிரை அடைபட்டாலோ இரத்தம் தேங்கிக் கசியும், விழித்திரை நடுவில் வீக்கம் தோன்றும், பார்வை மங்கும். இவ்வீக்கத்தைத் தணிக்கக் கண்ணுக்குள் ஊசி மருந்து செலுத்துகின்றனர். ரனிபிசுமாப் என்னும் மருந்துக்கு 2010ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதற்கென ஒப்புதல் கிடைத்தது. ஓர் ஊசியோடு பெரும்பாலும் முடிவதில்லை. இடையில் நிறுத்தினால் வீக்கம் திரும்பக்கூடும்.

கண்ணுக்குள் நோக்கும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் உலகுக்கு அறிவித்தார். அதன் துணையால் தமனி அடைப்பை 1859இல் கிரேஃபே விளக்கினார். தமனி அடைபட்டால் வெளுத்த விழித்திரையின் நடுவே செந்நிறப் புள்ளி தெரியும். சிரை அடைபட்டால் தீச்சுடர் வடிவில் இரத்தக் கசிவுகள் தெரியும். வீக்கத்தின் அளவை ஓ.சி.டி. படம் காட்டும்.

கண்ணோடு சோதனை முடிவதில்லை. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, கொழுப்பு, இதயம், கழுத்துத் தமனி ஆகியவற்றையும் ஆராய்தல் வேண்டும். புகைப்பழக்கத்தை விடுதலும் மருத்துவத்தின் பகுதியே.

ஒரு கண் மங்கினால் மற்றொரு கண் அக்குறையை மறைத்துவிடும். ஆகவே வீட்டுப் பெரியோர் அவ்வப்போது ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தல் நன்று. பார்வை திடீரென மறைந்தால் விடியட்டும் எனக் காத்திராமல், அந்நேரமே அவசரச் சிகிச்சை உள்ள மருத்துவமனையை நாடுவோமாக.