அடுப்பு மூட்டாத காலையுணவு

வைகறையில் மூட்டப்படும் அடுப்பு எட்டு மணிவரை அணைவதில்லை. இடியப்பம் அவிய வேண்டும். சொதி கொதிக்க வேண்டும். சம்பல் இடிபட வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கும் கணவன் வேலைக்கும் சென்ற பின்னர், இத்தனையையும் செய்த தாய் எஞ்சிய இரண்டு இடியப்பத்தைத் தேநீருடன் விழுங்கி, உண்டதாகப் பெயர் பண்ணிக்கொள்கிறாள். அவளும் வேலைக்குச் செல்பவளாயின் அந்த இரண்டும் இல்லை. வீட்டில் எல்லோரும் உண்ணச் சமைத்தவளே வெறுவயிற்றுடன் பேருந்துக்கு ஓடுகிறாள்.

இந்நிலையில், அடுப்பே மூட்டாது, பத்து நிமிடத்தில், வயிறு நிறையவும் உடலுக்குச் சத்துக் கிடைக்கவும் கூடிய ஒரு காலையுணவு உண்டா என்பது வீண் கேள்வியன்று. 2022ஆம் ஆண்டில் எரிவாயுக் கொள்கலனுக்காக மக்கள் நீண்ட வரிசைகளில் காத்துநின்ற நாட்களை நினைவிற் கொள்வோர் இக்கேள்வியின் பொருளை நன்கு அறிவர்.

விடை நம் வீடுகளிலேயே உண்டு. அவல், கட்டித் தயிர், கனிந்த பழம் ஆகிய மூன்றும் ஒரு கிண்ணத்தில் சேர்ந்தால் அதுவே நிறைவான காலையுணவு. ஆனால், சமைக்காத உணவு எங்ஙனம் செரிக்கும், வயிற்றுக்கு ஒவ்வாது போகாதா என்ற ஐயம் பலருக்கு எழுகிறது. இம்மூன்றின் இயல்பையும் தனித்தனியே நோக்கின் அந்த ஐயம் நீங்கும்.

முதலில் அவல். இது பச்சை அரிசியன்று. நெல்லை நீரில் ஊறவைத்து, வறுத்து, சூடு ஆறுமுன் இடித்துத் தட்டையாக்கிப் புடைத்தெடுப்பதே அவல். இன்று உரலின் வேலையை இயந்திரம் செய்கின்றது, முறை மாறவில்லை. நீரும் வெப்பமும் சேர்ந்தமையால் அரிசியின் மாப்பொருள் முன்னரே வெந்து இளகிவிடுகின்றது. ஆதலாலேயே அரிசியை உலையில் இட வேண்டியிருக்க, அவலுக்குச் சிறிது நீர் தெளித்தாலே போதுமாகின்றது. அவலுக்கு வேண்டிய நெருப்பு, அது நம் வீட்டுக்கு வருமுன்பே எரிந்து முடிந்துவிட்டது.

அடுத்தது தயிர். காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆற்றிய பாலில் ஒரு கரண்டி உறைமோரை விட்டால், அதிலுள்ள நன்மை தரும் பற்றீரியாக்கள் இரவு முழுவதும் உழைக்கின்றன. பாலிலுள்ள வெல்லத்தில் ஒரு பகுதியை அவை புளிப்பு அமிலமாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்பினாற் பாலின் புரதம் ஒன்றுதிரண்டு உறைகின்றது. பால் குடித்தால் வயிறு பொருமும் என்போர் பலருக்குத் தயிர் இடர் செய்யாமைக்குப் பாலின் வெல்லம் இவ்வாறு குறைவதும் ஒரு காரணம். எருமைப் பாலிற் கொழுப்பும் புரதமும் பசும்பாலினும் மிகுதி. எனவே அதன் தயிர் கட்டியாக அமைகின்றது. மட்டக்களப்புத் தயிர்ச் சட்டியில் மற்றுமொரு நன்மை உண்டு. சட்டியின் நுண்டுளைகள் தயிரின் நீரைச் சிறிது உறிஞ்சுவதால் தயிர் மேலும் இறுகுகின்றது.

மூன்றாவது பழம். வாழைக்காயில் நிறைந்திருப்பது மாப்பொருள். அதை அவித்தே உண்ண வேண்டும். அதுவே கனியும்போது மாப்பொருள் இனிப்பாக மாறுகின்றது. அடுப்பிலே நாம் செய்ய முயல்வதை வாழை தானாகவே செய்துகொள்கின்றது. ஆக, அவலை நெருப்பும், தயிரை நுண்ணுயிரும், பழத்தைக் காலமும் முன்பே பக்குவப்படுத்திவிட்டன. காலையில் நாம் செய்ய வேண்டியது அவற்றை ஒன்றுசேர்ப்பது மட்டுமே.

இவ்வழியை மேல்நாட்டாரும் கண்டுள்ளனர். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் வாழ்ந்த மருத்துவர் பேர்ச்சர் பென்னர், 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தம் நோயாளருக்கு ஓர் உணவை வகுத்தார். நீரில் ஊறவைத்த ஓட்ஸுடன் துருவிய அப்பிள், எலுமிச்சைச் சாறு, இனிப்பூட்டிய கட்டிப் பால், கொட்டைப் பருப்பு ஆகியவற்றைச் சேர்ப்பதே அது. இன்று உலகெங்கும் மியூஸ்லி எனப் பெயர் பெற்றிருக்கும் காலையுணவின் தொடக்கம் இதுவே. அமெரிக்க நாட்டிற் கொட்டேஜ் சீஸ் என்னும் மென்மையான பாற்கட்டியைப் பழத்துடன் உண்பர். பாலை உறையச் செய்து, வடிநீரை நீக்கி எடுக்கும் திரளையே அப்பாற்கட்டி. அதன் 100 கிராமில் ஏறத்தாழ 11 கிராம் புரதம் உண்டு; சாதாரணத் தயிரில் 3 அல்லது 4 கிராமே உண்டு. நீர் நீங்கியமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். தயிரை வெள்ளைத் துணியிற் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்தால், நாமும் அதற்கு நிகரானதொன்றைப் பெறலாம். வடிந்த நீரையும் வீணாக்க வேண்டா. உப்பும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துப் பருகலாம்.

செய்முறை எளிது. ஒருவருக்கு ஒரு கோப்பை சிவப்பரிசி அவல் போதும். கல்லும் உமியும் நீக்கிக் கழுவி, கொதித்தாறிய நீரைத் தெளித்துப் பத்து நிமிடம் மூடிவைக்க வேண்டும். தடித்த அவலாயின் சற்றுக் கூடுதலான நேரம் வேண்டும். மென்மையானதும் அரைக் கோப்பை கட்டித் தயிரை மேலே இட்டு, ஒரு கதலி வாழைப்பழத்தை அரிந்து சேர்க்கலாம். ஒரு கைப்பிடி வறுத்த கச்சானோ, இரண்டு கரண்டி தேங்காய்ப்பூவோ தூவினாற் சுவையும் வலிமையும் கூடும். இனிப்பு வேண்டுவோர் பனங்கட்டியைச் சிறிது சீவிச் சேர்ப்பர். நீரிழிவு உடையோர் பனங்கட்டியைத் தவிர்த்து, அவலைக் குறைத்து, தயிரையும் கச்சானையும் கூட்டிக்கொள்வது தகும்.

பழத்தைத் தெரிவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கொய்யாப்பழத்தில் விற்றமின் சீ தோடம்பழத்தினும் பன்மடங்கு உண்டு. வெப்பத்தால் அழியும் அச்சத்து, சமைக்காத உணவில் முழுமையாகக் கிடைக்கின்றது. அன்னாசியை மட்டும் உண்ணும் வேளையிலேயே சேர்க்க வேண்டும். புரதத்தைச் சிதைக்கும் நொதியம் அதில் உள்ளது. தயிருடன் கலந்து நெடுநேரம் வைத்தாற் கசப்புத் தட்டும். தயிர் பழுதானதென்று எண்ணி அதைக் கொட்டிவிடுவோர், குற்றம் அன்னாசியினுடையது என்பதை அறியார்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. அடுப்பு உணவை வேகவைப்பதுடன் கிருமிகளையும் கொல்கின்றது. அடுப்பை விலக்கும்போது அந்தக் காவலையும் இழக்கின்றோம். ஆகவே அக்காவலைக் கைகளே ஏற்க வேண்டும். கையையும் கத்தியையும் பலகையையும் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். மீன் வெட்டிய பலகையிற் பழம் அரிதல் ஆகாது. பழத்தைத் தோல் நீக்குமுன்பே கழுவ வேண்டும். பாலைக் காய்ச்சாது உறையிடுதல் கூடாது. கலந்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கலாகாது. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டில் 5 பாகை செல்சியசுக்குக் கீழே வைக்கலாம்; இல்லாத வீட்டில் அவ்வப்போது கலந்து அப்போதே உண்பதே நன்று. தேங்காய்ப்பூ விரைவில் பழுதாகும். அதை இரவிலே துருவி வைத்தல் தகாது.

இடியப்பமும் பிட்டும் நம் உணவில் என்றும் இடம்பெறத் தக்கவையே. அவற்றைக் கைவிடுமாறு எவரும் கூற வேண்டியதில்லை. ஆயினும் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் அடுப்புக்கு ஓய்வு கொடுத்தால், விறகும் எரிவாயுவும் மிஞ்சும். அதனினும் பெரிய நன்மை ஒன்றுண்டு. அவலை ஊறவைக்கப் பத்து வயதுப் பிள்ளையாலும் இயலும். பழத்தை அரியத் தந்தையாலும் இயலும். எல்லோர் கிண்ணமும் ஒரே நேரத்தில் நிறைந்திருக்கும்போது, தாயும் அவர்களுடன் அமர்ந்து உண்ணலாம். அடுப்பங்கரையில் நின்றபடி மிச்சத்தை விழுங்கியவளுக்கு, தன் பங்கை ஆறுதலாக இருந்து உண்ணும் ஒரு காலைப்பொழுது வாய்க்கும்.