பெயின்டுக்கு அடியில் ஒரு பனித்துளி

சம்பா அறுவடைக்கு முன்னால், மார்கழியில், கும்பகோணத்தைச் சுற்றியுள்ள பட்டறை வாசல்களில் புது டிராக்டர் டிரெய்லர்கள் நிற்பதைப் பார்க்கலாம். சிவப்போ நீலமோ, பெயின்ட் வாசனை போயிருக்காது. வாங்க வருபவர் டயரை உதைத்துப் பார்ப்பார், கொக்கியை ஆட்டிப் பார்ப்பார், விலையில் இரண்டாயிரம் குறைக்கச் சொல்வார். குனிந்து அடிப்பக்கம் பார்ப்பவர் குறைவு. வேட்டி அழுக்காகும் என்பது ஒரு காரணம். புது வண்டியில் ஏது துரு என்ற நம்பிக்கை இன்னொன்று.

அந்த நம்பிக்கையைக் கெடுக்க ஒரு பனித்துளி போதும்.

1920களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற விஞ்ஞானி, இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீரை வைத்துக் கவனித்தார். இரும்பு எங்கே அரிக்கும்? காற்று நன்றாகப் படும் ஓரத்தில் என்றுதான் நாம் சொல்வோம். நடந்தது நேர்மாறு. சொட்டின் ஓரத்தில் ஆக்சிஜன் எளிதாக இறங்குகிறது. நடுவில் அதற்குப் பஞ்சம். ஓரத்து ஆக்சிஜன் எலக்ட்ரானைக் கேட்கிறது. நடுவிலுள்ள இரும்பு தன்னைக் கரைத்துக்கொண்டு அதைக் கொடுக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் முழு பேட்டரி! நடுவில் கரைந்த இரும்பு ஓரம் நோக்கி நகர்ந்து, பாதி வழியில் பழுப்பு வளையமாகப் படிகிறது. குழி விழுவது ஓரிடம், துரு தெரிவது வேறிடம்.

இதைத் தெரிந்துகொண்டு டிரெய்லரின் அடியில் குனிந்தால், கண் போகிற இடமே மாறிவிடும். சேனலின் மேல் தரைத்தகட்டை வைத்து வெல்டிங் செய்யும்போது முழு நீளத்துக்கும் வைப்பதில்லை. கொஞ்சம் வைத்து, கொஞ்சம் விட்டுப் போவார்கள். விட்ட இடத்தின் இடுக்கு, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலத் தண்ணீரை உள்ளே இழுக்கும். இடுக்கின் வாயில் ஆக்சிஜன் உண்டு, உள்ளே இல்லை. எவன்ஸின் சொட்டின் நடுப்பகுதி மாதிரிதான் அது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். ஆகவே கொஞ்ச நாளில் இரண்டு தகடுகளையும் நெம்பிப் பிரித்துவிடும். வெல்டிங் கோட்டை ஒட்டிப் பெயின்டில் மயிரிழை விரிசலும், அதன் வழியே டீ கறை மாதிரி ஒரு ஒழுகலும் தெரிந்தால், பேரம் பேசுவதை நிறுத்திவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.

இன்னொரு சூட்சுமம் உருக்காலையிலிருந்தே வருகிறது. செக்கச்சிவந்த எஃகை உருளைகளில் கொடுத்துத் தகடாக்கும்போது மேலே கருநீலச் செதில் படியும். பார்க்க அழகு. அதைச் சுரண்டி எடுக்காமல் ரெட் ஆக்சைடு அடித்தால், பெயின்ட் ஒட்டுவது இரும்பில் அல்ல, செதிலில். செதில் உரியும்போது பெயின்டும் பத்தையாகக் கையோடு வரும். கண்ணுக்குப் படாத மூலையில், பட்டறைக்காரர் அனுமதியோடு, நகத்தால் கீறிப் பாருங்கள். பழைய வண்டியைப் புதுசாக்கி விற்கிறார்களோ என்று சந்தேகமென்றால் ஒரு சின்னக் காந்தம் போதும். தடிமனாகப் பட்டி பார்த்த இடத்தில் அதன் பிடி தளரும்.

கடல் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, உப்புக் காற்று நமக்கில்லை என்று கும்பகோணத்துக்காரர் நிம்மதியாக இருக்கலாம். காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் அரிமானத்தை ஆராய மண்டபம் கடற்கரைக்குப் போனார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இங்கே உப்பு உர மூட்டையில் ஏறி வருகிறது. வயலுக்குப் போடும் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. எடையில் ஏறக்குறைய பாதி குளோரின். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய தூள் தரைத்தகட்டின் மூலையில் ஒதுங்கி, இரவுப் பனியில் கரைந்தால், எவன்ஸ் வைத்த அதே உப்புச் சொட்டு தயார்.

பித்தளைக் கடைகள் நிறைந்த ஊர் இது. செம்பில் ஏறுவதற்குக் களிம்பு, இரும்பில் ஏறுவதற்குத் துரு என்று தமிழ் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. செம்பின் களிம்பை, உயிரை அநாதியாகவே ஒட்டியிருக்கும் ஆணவ மலத்துக்கு உவமையாக்கினார்கள் சைவ சித்தாந்திகள். இரும்புக்கும் அது பொருந்துகிறது: மண்ணில் இரும்பு கிடைப்பதே பெரும்பாலும் ஆக்சைடாகத்தான். உலையில் அவ்வளவு நெருப்பைக் கொட்டி ஆக்சிஜனைப் பிரிக்கிறோம். சந்தர்ப்பம் கிடைத்ததும் இரும்பு பழைய உறவுக்கே திரும்பிவிடுகிறது.

பித்தளைக்கு ஈயம் பூசுவதுபோல இரும்புக்கும் மேல்பூச்சு உண்டு. எண்ணெய் டின்னில் இருப்பது வெள்ளீயம்; கீறல் விழுந்தால் அடியிலுள்ள இரும்பு முன்பைவிட வேகமாக அரிக்கும். ஜி.ஐ. தகட்டில் இருப்பது துத்தநாகம். கீறினாலும் முதலில் தான் கரைந்து இரும்பைக் காக்கும். ஆனால் வெல்டிங் சூட்டில் துத்தநாகம் ஆவியாகிவிடும். ஜி.ஐ. போட்ட வண்டி என்று கூடுதல் விலை சொன்னால், இணைப்புகளில் துத்தநாகப் பெயின்ட் அடித்தீர்களா என்று கேளுங்கள்.

எல்லாம் பார்த்து முடித்தபின் ஒரு வாளித் தண்ணீரைப் பெட்டிக்குள் ஊற்றச் சொல்லுங்கள். பட்டறைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். மூலையில் தண்ணீர் தேங்கினால், சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன்பே அங்கே ஒரு வடிதுளை போட்டு, துளையின் விளிம்புக்கும் பெயின்ட் அடித்து வாங்கிக்கொள்ளலாம்.