வயிற்றுக்குள் ஊதும் வாயு

பித்தப்பைக் கல்லுக்காக, சிறு துளைகளின் வழியே காமிராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோப்பி சிகிச்சை செய்துகொண்டவர்களில் பலர், மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்ததும், தொப்புளருகே போட்ட துளையைவிட வலது தோள்பட்டைதான் அதிகமாக வலிக்கிறதென்று சொல்லி, கத்தி பட்ட இடம் ஒன்றிருக்க வலி வேறிடத்தில் தோன்றுவானேன் என்று ஆச்சரியப்படுகிறார்கள். சிகிச்சையின்போது வயிற்றுக்குள் ஊதிய வாயுவே இதற்குக் காரணம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையான உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பு கழுத்துப் பகுதியிலிருந்து புறப்படுகிறது. தோளுக்குரிய நரம்புகளில் சிலவும் அங்கேதான் வேர்கொண்டிருக்கின்றன. ஆகவே வாயுவினால் உதரவிதானம் இழுபட்டு உறுத்தப்படும்போது, மூளை அந்த வேதனையைத் தோளின் கணக்கில் எழுதிவிடுகிறது.

வாயுவை ஊதாமலும் முடியாது. சாதாரணமாகக் குடலும் ஈரலும் இரைப்பையும், பெட்டியில் மடித்து அடுக்கிய துணிகளைப்போல, இடைவெளியின்றி நெருங்கிக் கிடப்பதால், வயிற்றுச் சுவரை மேலே தூக்கி நிறுத்தினாலன்றிக் காமிராவுக்குக் காட்சி இல்லை, கருவிக்கு இடம் இல்லை. தீப்பற்றாததும், இரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடுவதுமான கரியமிலவாயு இதற்கு உகந்ததாயிற்று. 1901-ஆம் ஆண்டில், ஹாம்பர்க் நகரத்து விஞ்ஞான சபையில், ஒரு நாயின் வயிற்றைக் காற்றால் நிரப்பிக் குழாய்வழியே உள்ளே நோக்கிக் காட்டிய ஜெர்மானிய வைத்தியர் கெயோர்க் கெல்லிங், காற்றின் அழுத்தத்தைக் கொண்டே வயிற்றுக்குள் கசியும் இரத்தத்தை நிறுத்த வேண்டுமென்ற நோக்கமுடையவராயிருந்தார் என்பது சுவாரசியமான விஷயம். அவருக்கு அழுத்தம் ஒரு மருந்து. இன்றைய வைத்தியர்களுக்கோ அது வேண்டிய அளவுக்குமேல் சேரக்கூடாத ஒரு சுமை.

அந்த அளவு எவ்வளவு? வழக்கமாக 12 முதல் 15 மி.மீ. பாதரசம் வரை வைக்கிறார்கள். இரத்த அழுத்தம் 120 என்று கேட்டுப் பழகிய நமக்கு 15 அற்பமாகத் தோன்றலாம். ஆனால் கீழுடம்பிலிருந்து இருதயத்துக்குத் திரும்பும் பெருஞ்சிரையில், மல்லாந்து படுத்திருக்கும்போது, அழுத்தம் பெரும்பாலும் பத்துக்கும் குறைவே. அதன்மேல் பதினைந்தைச் சுமத்தினால் சிரை நசுங்கி, இருதயத்துக்கு வரும் இரத்தம் குறைகிறது. கால்களில் இரத்தம் தேங்குகிறது. ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் செல்லும் ஓட்டம் தணிந்து சிறுநீர் சுரப்பதும் குறைகிறது. உதரவிதானம் மேலேறி நுரையீரலை நெருக்குவதால், சுவாச இயந்திரம் கூடுதல் விசையோடு காற்றைச் செலுத்தவேண்டியிருக்கிறது. திடகாத்திரமான வாலிபனின் சரீரம் இவற்றைச் சிரமமின்றித் தாங்கும். வாயுவை வெளியேற்றியதும் பெரும்பாலும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இருதயமோ நுரையீரலோ பலவீனப்பட்ட முதியவர் விஷயம் வேறு.

ஆகையால்தான் அழுத்தத்தை 10-க்குக் கீழே, முடிந்தால் 6 முதல் 8 வரை, இறக்கிச் செய்தால் என்ன என்ற யோசனை எழுந்தது. இவ்வாறு செய்தபோது தோள்வலி குறைவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பித்தப்பைச் சிகிச்சையைப் பற்றிய 21 ஆய்வுகளை ஒருங்கே பரிசீலித்த காக்ரேன் என்ற வைத்திய ஆய்வு அமைப்பின் 2014-ஆம் ஆண்டு அறிக்கை, குறைந்த அழுத்தத்திலேயே ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குச் சிகிச்சையை முடிக்க முடிந்ததென்று கூறியது. ஆனால் ஆபத்துக் குறைந்த நோயாளிகளுக்கு இதையே விதியாக்கப் போதிய ஆதாரம் இல்லையென்றும் அதே அறிக்கை சொல்லிற்று. புதுமையின்மீதுள்ள மோகத்தில் பின்பாதியை மறந்துவிடுவது நியாயமாகாது.

ஏனெனில் அழுத்தம் குறைந்தால் இடமும் குறைகிறது. பருத்த சரீரமுடையவர்களிடத்திலும், முந்திய சிகிச்சைகளால் குடல் ஒட்டிக்கொண்டவர்களிடத்திலும் காட்சி மங்கினால், கருவி தவறான இடத்தில் படும் அபாயம் உண்டு. வலியைக் குறைக்கப்போய்ப் பித்தநாளத்தைக் காயப்படுத்துவது புத்திசாலித்தனமன்று. இந்த இக்கட்டுக்கு மயக்க மருந்து நிபுணரின் கையில் ஓர் உபாயம் இருக்கிறது. தசைகளைத் தளர்த்தும் மருந்தை ஆழமாகக் கொடுத்தால், வயிற்றுச் சுவர் இளகி, குறைந்த வாயுவுக்கே இணங்கி விரிகிறது. சிகிச்சை முடிந்தபின் மாற்று மருந்தால் அந்தத் தளர்ச்சியை நீக்கிவிடலாம்.

ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சிகிச்சைச் சங்கத்தார் 2002-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் எந்த எண்ணையும் எல்லார்க்கும் பொதுவாக விதிக்காமல், காட்சி தெளிவாயிருக்கும் மட்டும் மிகக் குறைந்த அழுத்தத்தை வைத்துக்கொள்க என்றது; எனக்கு அதுவே சரியெனப் படுகிறது. அனுபவமிக்க சர்ஜன், துளையிடும் நேரத்தில் அழுத்தத்தை உயர்த்தி, குழாய்கள் உள்ளே சென்றபின் படிப்படியாக இறக்கிப் பார்ப்பார். எட்டில் ஈரலின் அடிப்புறம் நன்றாகத் தெரிந்தால் எட்டிலேயே நிற்பார். இரத்தம் கசிந்து காட்சி மறைந்தால், கௌரவம் பாராமல் பன்னிரண்டுக்கு ஏற்றச் சொல்வார்.