சாக்குப் பையில் ஒரு தோட்டம்



கண்டி மாநகரைச் சூழ்ந்து நிற்கும் மலைகளைப் பார்ப்பவர்கள், இங்கு மண்ணுக்கும் மழைக்கும் குறைவேது என்றே எண்ணுவர். பலாவும் மிளகும் கராம்பும் சாதிக்காயும் செறிந்து வளரும் கண்டி வீட்டுத் தோட்டங்களின் பெருமையை யாவரும் அறிவர். ஆயினும், அத்தகைய தோட்டம் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. நகரில் வாடகை அறையில் வாழ்பவருக்கும், ஹந்தானைச் சரிவில் லயங்களில் குடியிருப்பவருக்கும் வாசற்படியே முற்றம். ஒரு கத்தரிக் கன்று நடவும் சொந்த மண் இல்லை.

இக்குறையின் கொடுமையை 2022ஆம் ஆண்டு நமக்கு நன்கு உணர்த்திற்று. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவின் விலை முந்திய ஆண்டில் இருந்ததைவிட 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. வீட்டுத் தோட்டம் செய்யும்பொருட்டு, அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அரசு இசைந்தது. விடுமுறை கிடைத்தது, நிலத்திற்கு எங்கே போவது?

இவ்வினாவுக்கு எளிய விடையொன்று நம் வீட்டு மூலையிலேயே கிடக்கிறது. அதுதான் அரிசி வந்த வெறுஞ் சாக்கு.

சட்டியில் வளர்வதைவிடத் துணிப்பையில் வளரும் செடிக்கு ஒரு நன்மை உண்டு. சட்டியின் சுவரை முட்டிய வேர், அச்சுவரையே சுற்றிச் சுற்றி வளர்ந்து தன்னைத்தானே நெருக்கிக் கொள்ளும். பையிலோ இழைகளுக்கிடையே காற்றுப் புகுகிறது. காற்றுப்பட்ட வேர்நுனி உலர்ந்து நின்றுவிட, அதன் பின்னிருந்து பல கிளைவேர்கள் தோன்றுகின்றன. மிகையான நீரும் தேங்காது வெளியேறுகிறது. மழை மிகுந்த நம் பகுதிக்கு இது பெரும் பயன்.

மற்றொரு நன்மையும் உண்டு. தக்காளி நட்டவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். காலையில் பசுமையாக நின்ற செடி, இலை மஞ்சளாகாமலே நண்பகலில் துவண்டு, சில நாட்களில் மடிந்துவிடும். இது மண்ணில் வாழும் பற்றீரியாவினால் வரும் வாடல் நோய். தண்டை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்தினால், பால்போன்ற கசிவு நூலிழையாய் இறங்கக் காணலாம். நோய் தோன்றிய நிலத்தில் அக்கிருமி நெடுங்காலம் தங்கும். ஆனால், பைக்குரிய மண்ணை நாமே தெரிந்தெடுக்கலாம். ஒரு பையில் நோய் கண்டால் அதை மட்டும் அகற்றிவிடலாம். பேராதனையில் தலைமையகம் கொண்ட விவசாயத் திணைக்களத்தின் ‘திலின’ என்னும் தக்காளி இனம் இந்நோயை ஓரளவு தாங்க வல்லது.

இனி, செய்யும் முறையைக் கூறுவேன். 25 கிலோ அரிசி கொள்ளும் சாக்கின் விளிம்பை வெளிப்புறமாக மடித்து, ஓரடிக்குச் சற்று மேலாக நிறுத்துங்கள். உள்ளே பொலித்தீன் உறை இருப்பின் நீக்கிவிடுங்கள். கிருமிநாசினி இருந்த சாக்கை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. மேல்மண், நன்கு உக்கிய கூட்டெரு, தும்புத்தூள் மூன்றையும் சம அளவிற் கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் வேரைச் சுடும். அது பழகி மட்க வேண்டும். தக்காளியோ கத்தரியோ ஆயின் பைக்கு ஒரு கன்றே போதும். கீரை வகைகளுக்கு அரையடி ஆழமுள்ள பையே நிறைவு தரும்.

தக்காளிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் வெயில் வேண்டும். மழைத்துளி இலையில் நின்றால் கருகல் நோய் பற்றும். ஆகையால் வெயில் படுகின்ற கூரையிறப்பின் ஓரம் தக்க இடம். பையைச் செங்கற்களின் மேல் வையுங்கள். அடியில் தட்டு வைக்க வேண்டாம். அதில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும்.

பைத் தோட்டத்திற்குக் குறையும் உண்டு. நிலத்தைவிடப் பை விரைவில் உலரும். மழையற்ற நாளில் தவறாது நீர் ஊற்ற வேண்டும். ஒருநாள் வாடவிட்டு மறுநாள் வெள்ளமாய் ஊற்றினால், சுண்ணாம்புச் சத்து காய்க்கு ஒழுங்காய்ச் சென்று சேராமல் அதன் அடிப்பகுதி கறுத்து அழுகும். பிளாஸ்ரிக் இழைச் சாக்கு வெயிலில் இற்றுத் துகளாகும். அது நொறுங்கத் தொடங்குமுன் மாற்றிவிடுங்கள். சணற்சாக்கு மட்கி மண்ணோடு சேரும், ஆனால் நெடுநாள் உழைக்காது. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவை ஒரே குடும்பத்தின. ஆதலின் ஒன்று காய்த்த பையில் அடுத்து போஞ்சியோ கீரையோ இடுவதே முறை.

பத்துச் சாக்குகள் ஒரு குடும்பத்தின் சந்தைச் செலவை முற்றாக ஒழித்துவிடும் என்று கூற மாட்டேன். அரிசியும் பருப்பும் அவற்றில் விளையா. ஆனால், வெறுஞ்சோறும் உப்பும் உண்டு பள்ளிக்கு வரும் பிள்ளையின் தட்டில் ஒரு கைப்பிடிக் கீரையையும் ஒரு தக்காளியையும் அவை சேர்க்கும். வகுப்பில் சோர்ந்து தலைகவிழும் பிள்ளைகளைக் கண்டறிந்த ஆசிரியர்கள் இதனைச் சிறிதென்று எண்ணார்.

நிலமில்லை என்பது நம் குற்றமன்று. ஒரு வெறுஞ் சாக்கும், ஒரு பிடி விதையும், நாள்தோறும் சில நிமிடங்களும் இருந்தால், வாசற்படியிலேயே தோட்டத்தைத் தொடங்கிவிடலாம்.