விறகோடு வரும் வினை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிரேலிங் ஊர் வழியாகச் சென்று ஹியூரான் ஏரியில் கலக்கும் ஆ சாபிள் ஆறு, நிலத்தடி ஊற்றுகளின் நீரால் கோடையிலும் குளிர்ந்தே ஓடுகிறது. டிரவுட் மீனுக்குப் பெயர்பெற்ற அதன் கரைக்காடுகளில் மாநில அரசு பராமரிக்கும் எளிய முகாம்களில் மின்சாரம் கிடையாது. கைப்பம்பும் குழிக் கழிப்பறையும், கூடாரம் அடிக்கும் இடந்தோறும் தீ மூட்டுவதற்கென ஓர் இரும்பு வளையமுமே அங்குள்ள வசதிகள். தூண்டில், தோணி, கொசு ஆகியவற்றைப் பற்றிக் கவலைப்படுவோர் பலர் இருக்க, அந்த வளையத்தில் எரியும் விறகு எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்போர் மிகச் சிலரே.

ஆஷ் என்னும் மரத்தை மட்டுமே பெரும்பாலும் தாக்கும், ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு, 2002இல் டெட்ராய்ட் நகரையொட்டிக் கண்டறியப்பட்டது. அதன் புழுக்கள் பட்டைக்கடியில் பாம்பு நெளிவதுபோல் வளைந்து வளைந்து குடைந்து, உணவு செல்லும் உட்பட்டைத் திசுவை அறுத்துவிடுவதால் மரம் சில ஆண்டுகளில் பட்டுப்போகிறது. வளர்ந்த வண்டோ, ஒருபுறம் தட்டையான அரைவட்டமாக, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலத்தில் துளையிட்டு வெளியேறுகிறது. தானாகப் பறந்தால் ஆண்டுக்குச் சில கிலோமீட்டரைத் தாண்டாத இப்பூச்சி, விடுமுறைக்குப் புறப்படும் வண்டியின் பின்புறத்தில் விறகுக்குள் ஒளிந்து ஒரே பிற்பகலில் மாநிலத்தையே கடந்துவிடும். ஆஷ் விறகு ஈரமாயிருந்தாலும் நன்றாக எரியும் என்பதால் முகாமிடுவோர் அதை விரும்பிச் சுமந்து வந்தது நிலைமையை மேலும் கெடுத்தது.

இழப்பு நிழலோடு நிற்பதில்லை. ஈர நிலத்தில் வளரும் கறுப்பு ஆஷ் மரத்தின் கட்டையைச் சுத்தியலால் அடித்து, ஆண்டு வளையங்களை ஏடு ஏடாகப் பிரித்துக் கூடை முடையும் அனிஷினாபே பழங்குடி மக்களுக்கு அது கைத்தொழிலின் மூலப்பொருள். தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய திறன், மரம் இல்லாவிட்டால் யாருக்கும் பயன்படாது.

வண்டு ஏற்கெனவே எங்கும் பரவிவிட்டது, ஆஷ் விறகை இடம்விட்டு இடம் கொண்டுசெல்வதற்கு இருந்த தடைக்கட்டுப்பாட்டைக் கூட்டாட்சி அரசே 2021இல் விலக்கிக்கொண்டது, முகாம் வாசலில் விற்கும் விறகுக்கட்டோ விலை அதிகம் என்போரும் உண்டு. ஆயினும் விறகில் பயணிப்பது அந்த வண்டு மட்டுமன்று. ஓக் மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்துச் செவ்வோக்கைச் சில வாரங்களிலேயே சாய்த்துவிடும் ஓக் வாடல் என்னும் பூஞ்சைநோயும் பட்டை உரிக்காத விறகின்வழியே புது இடம் சேர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரம்பங்கள் வெள்ளைப் பைன்களை வெட்டிச் சாய்த்து இந்த ஆற்றிலேயே மிதக்கவிட்ட பிறகு, கிரேலிங்கையடுத்த ஹார்ட்விக் பைன்ஸ் பூங்காவில் மூத்த காடாக இன்று எஞ்சியிருப்பது 49 ஏக்கரே. மற்றவை பெரும்பாலும் மீண்டு முளைத்தவை, மற்றொரு சுற்று அழிவைத் தாங்குமா என்பது ஐயமே.

நடுப்பகுதிவரை 60 பாகை செல்சியஸ் வெப்பம் ஏறி அதில் 60 நிமிடம் இருந்த விறகில் வண்டின் புழு பிழைப்பதில்லை என்பதால், அவ்வாறு பதப்படுத்தியதையோ முகாமுக்கு அருகிலேயே வெட்டியதையோ வாங்குவதே தக்கது. மீந்ததை வீட்டுக்கோ அடுத்த முகாமுக்கோ ஏற்றிச் செல்லாமல் அங்கேயே எரித்துத் தீர்க்க வேண்டும்.