சொல்லக் கூசும் பருக்கள்

முகத்தில் ஒரு பரு தோன்றினால் வீட்டிலுள்ள எல்லோரிடமும் காட்டி யோசனை கேட்கிறோம். காலில் ஆணி விழுந்தால் பேருந்தில் பக்கத்தில் இருப்பவர்கூட மருந்து சொல்கிறார். ஆனால் பிறப்புறுப்பின் தோலில் கடுகளவு மேடு ஒன்று தென்பட்டுவிட்டால் வாய் அடைத்துப் போகிறது. மருத்துவரிடம் செல்லக் கூச்சம். கணவனிடமோ மனைவியிடமோ சொல்ல அச்சம். இந்த மௌனத்தை நம்பித்தான் சுவரெங்கும் விளம்பரம் ஒட்டி, மாதம் ஒரு நாள் விடுதி அறையில் 'சிகிச்சை' அளிப்போரின் பிழைப்பு நடக்கிறது.

நீங்கள் ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கீழ் உதட்டை இழுத்துப் பிடித்து உதட்டின் ஓரத்தையும் கன்னத்தின் உட்புறத்தையும் நோக்குங்கள். ரவையைத் தூவினாற்போல் வெளிர்மஞ்சள் புள்ளிகள் பலருக்கும் தென்படும். இவை எண்ணெய்ச் சுரப்பிகளே. உடலின் பிற பகுதிகளில் இச்சுரப்பி மயிர்க்காலுக்குள் எண்ணெயைச் சொரிகிறது. உதட்டோரம், ஆண்குறியின் தண்டு, பெண்ணின் உள்ளிதழ் முதலிய இடங்களில் மயிர் இல்லை. ஆனால் சுரப்பி உண்டு. ஆகவே அது தோலுக்கு அடியிலேயே சிறு புள்ளியாகத் தெரிகிறது. தோலை இழுத்துப் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். 1896இல் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இவற்றை விவரித்ததால் ஃபோர்டைஸ் புள்ளிகள் எனப் பெயர் பெற்றன. பருவ வயதில் ஹார்மோன்களால் இச்சுரப்பிகள் பருக்கின்றன. அச்சம் அதிகமாக இருக்கும் வயதும் அதுவே என்பதுதான் சங்கடம்! இவை நோயல்ல, பிறருக்குத் தொற்றுவதில்லை, மருந்தும் தேவையில்லை.

இதே வகையில் இன்னொன்றும் உண்டு. ஆண்குறி மொட்டின் விளிம்பைச் சுற்றி, முத்துக் கோத்தாற்போல் ஒன்றிரண்டு வரிசைகளாகச் சிறு மேடுகள் சில இளைஞர்களுக்குத் தோன்றும். பெண்களுக்கும் உள்ளிதழின் உட்புறத்தில் மென்மையான சிறு நீட்சிகள் இருப்பதுண்டு. இவையும் இயற்கையே. ஒரே அளவு, ஒரே நிறம், ஒழுங்கான வரிசை என்பவை இவற்றின் அடையாளம். நோயால் வரும் மரு இப்படி அணிவகுத்து நிற்பதில்லை.

மயிர் மழித்த பின் வரும் பருக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெட்டுண்ட மயிர் வளைந்து தோலுக்குள்ளேயே வளர்வதாலோ, மயிர்க்காலில் கிருமி புகுவதாலோ அவை உண்டாகின்றன. சில வாரங்கள் மழிப்பதை நிறுத்தி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நகத்தால் கிள்ளக் கூடாது. சீழ் பிடித்து வலி மிகுந்தால் மருத்துவரைக் காண வேண்டும்.

இரவில் அரிப்பு அதிகமாகி, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் கொப்புளங்கள் இருந்து, ஆண்குறியிலும் விதைப்பையிலும் அரிக்கும் தடிப்புகள் தோன்றினால் அது சிரங்காக இருக்கலாம். தோலைத் துளைத்து வாழும் நுண்ணிய உண்ணியே காரணம். ஐந்து சதவீதப் பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் பாதம் வரை பூசி, இரவு முழுதும் விட்டுக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூசுவது வழக்கம். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் பூசிக்கொள்ளாவிட்டால் பயனில்லை. ஆனால் நம்மில் பலர் மருந்துக் கடையில் 'அரிப்புக்கு ஒரு களிம்பு' என்று கேட்டு, ஸ்டீராய்டு கலந்ததை வாங்கிப் பூசிவிடுகிறோம். அரிப்பு குறைகிறது, உண்ணியோ உள்ளே பெருகுகிறது. அங்குள்ள மெல்லிய தோல் இன்னும் மெலிந்து போகிறது.

இனி வைரஸ்களுக்கு வருவோம். வழவழப்பாக, முத்துப் போல் பளபளத்து, நடுவில் தொப்புள் போன்ற குழியுடன் 2 முதல் 5 மி.மீ. அளவில் தோன்றுவது, சிலர் பாலுண்ணி என்று அழைப்பது. அம்மை வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ் இதை உண்டாக்குகிறது. குழந்தைகளுக்குச் சாதாரணத் தொடுதலாலும் துண்டினாலும் வரும். பெரியவர்களுக்கு இப்பகுதியில் வந்தால் பெரும்பாலும் உடலுறவால் வந்ததாகவே இருக்கும். பல மாதங்களில் தானாகவே மறைவதுண்டு.

பிறப்புறுப்பு மரு வேறு. சொரசொரப்பாக, சில சமயம் கோழிக்கொண்டை போலக் கிளைத்து வளரும். மனிதப் பாப்பிலோமா வைரஸ்களில் 6, 11 ஆகிய எண்ணுள்ள வகைகளே இவற்றுள் பத்தில் ஒன்பதுக்குக் காரணம். புற்றுநோயோடு முக்கியமாகத் தொடர்புடையவை 16, 18 போன்ற வேறு வகைகள். எனவே மரு என்றதும் புற்றுநோய் என நடுங்க வேண்டியதில்லை. எனினும் வாரக்கணக்கில் ஆறாத, கடினமாகிக்கொண்டே போகும், இரத்தம் கசியும் மேட்டிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதே முறை.

மருவை அகற்றும் முறைகளில் ஒன்று, நான் கற்பிக்கும் இயற்பியலுக்கு நெருங்கியது. திரவ நைட்ரஜனின் கொதிநிலை -196° செ. ஆய்வுக்கூட மேசையில் ஒரு துளி சிந்தினால், தன் ஆவியின் மீதே மிதந்து ஓடி மறைந்துவிடும். அதையே பஞ்சில் நனைத்து மருவின் மீது சில விநாடிகள் அழுத்தினால், அங்குள்ள செல்களின் நீர் உறைந்து பனிப்படிகங்களாகிறது. படிகங்கள் செல்லின் சவ்வைக் கிழிக்கின்றன. ஓரிரு வாரங்களில் மரு பொருக்காகி உதிர்கிறது. பல தடவை செய்ய நேரலாம். இமயமலையில் வளரும் போடோபில்லம் செடியின் கிழங்கிலிருந்து எடுக்கும் பிசினும் 1942 முதல் இதற்குப் பயன்பட்டு வருகிறது. செல் பிரிவதைத் தடுக்கும் நச்சுப்பொருள் அதில் உள்ளது. கருவுற்ற பெண்களுக்கு ஆகாது. எம்முறையாலும் மரு போகும். வைரஸ் சில காலம் தோலில் எஞ்சியிருக்கலாம். ஆகையால் மீண்டும் தோன்றினால் மருத்துவரைக் குறை கூறுவதற்கில்லை. கையில் வரும் மருவுக்குச் சுண்ணாம்பு வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இங்கே அதைச் செய்தால் மரு கரையும் முன்பே தோல் வெந்துவிடும். கால் ஆணிப் பிளாஸ்திரியும் அப்படியே.

இந்த வைரஸ் உடலில் புகுந்து மரு தோன்ற வாரங்களும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். எனவே இன்று மரு கண்டதை வைத்து அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று வீட்டில் வழக்கு நடத்த முடியாது. இத்தகைய தவறான கணக்கினால் குலைந்த குடும்பங்கள் உண்டு.

கொத்தாகச் சிறு நீர்க்கொப்புளங்கள் தோன்றி, உடைந்து, கடுமையாக எரிந்தால் அது ஹெர்ப்பிஸ். அக்கியை உண்டாக்கும் வைரஸின் உறவினர் இது. அசைக்ளோவிர் மாத்திரை தாக்குதலின் காலத்தையும் வேதனையையும் குறைக்கும். நரம்பில் ஒளிந்திருக்கும் வைரஸை ஒழிக்காது.

இதுவரை சொன்னவற்றில் வலியும் அரிப்பும் நம்மை மருத்துவரிடம் விரட்டும். வலிக்காதது ஒன்று இருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் கவனத்துக்குரியது. தொற்றிய சுமார் 3 வாரத்தில் ஒரு சிறு மேடு தோன்றி, உடைந்து புண்ணாகும். புண்ணின் அடி காதுமடல் போல் உறுதியாக இருக்கும். தொடையிடுக்கில் நெறி கட்டும், அதுவும் வலிக்காது. இது சிஃபிலிஸ். பரங்கியரோடு வந்ததாகக் கருதி நம் முன்னோர் பரங்கி வியாதி என்றனர். நாட்டு மருந்துக் கடையின் பரங்கிப்பட்டைக்கு இந்நோயோடு பழைய தொடர்பு உண்டு.

இந்தப் புண், மருந்து போட்டாலும் போடாவிட்டாலும், 3 முதல் 6 வாரத்தில் தானே ஆறிவிடும். விடுதி வைத்தியரின் புகழ் இங்கேதான் பிறக்கிறது. அவர் கொடுத்த பொடி எதுவானாலும் 'பலித்து' விடுகிறது! ஆனால் திருகுச் சுருள் போன்ற அந்தக் கிருமி இரத்தத்தில் பரவி, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிக்காத தடிப்புகளாகத் தலைகாட்டி, பிறகு ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். சிகிச்சை பெறாதவர் சிலருக்கு மூளையும் இதயத்தின் பெருந்தமனியும் பழுதடைகின்றன. கருவுற்ற தாயிடமிருந்து சிசுவுக்கும் செல்கிறது.

இத்தனைக்கும் இதைக் கண்டுபிடிக்க ஒரு இரத்தச் சோதனை போதும். 1943 முதல் பென்சிலின் இதற்குக் கைகண்ட மருந்து. தொடக்க நிலையில் 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பென்சிலின் ஒரே தடவை ஊசி மூலம் தரப்படுகிறது. அரசின் பெரிய மருத்துவமனைகளில் இதற்கெனப் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தனி நிலையமே உண்டு. அங்குள்ளவர்களுக்கு இது அன்றாட வேலை. உங்கள் பரு அவர்களுக்குப் புதுமையன்று. எச்.ஐ.வி. சோதனையும் உடன் செய்வார்கள். கணவன், மனைவி இருவரும் சோதித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் ஊசி போட்டுக்கொண்டால் மற்றவரிடமிருந்து நோய் திரும்பவும் தொற்றும். புண் ஆறிய பின்னரும் 6ஆம் மாதத்திலும் 12ஆம் மாதத்திலும் மறுபடி இரத்தம் சோதித்து, கிருமியின் சுவடு குறைந்து வருகிறதா என்று பார்ப்பார்கள்.